பூவாடைக்கு ஒரு முகம்

போன மாதம் நம் குவார்ட்டர்ஸ் பிளாக் பிள்ளைகள் எல்லாரும் கூடினோம். பிள்ளைகள் என்றா சொன்னேன்? எல்லாம் முட்டிவலிக்காரர்கள். ஆளுக்கு ஒரு மாத்திரை டப்பா, ஆளுக்கு ஒரு பழங்கதை. அதில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பா வரைஞ்ச உங்க அக்கா படம் இன்னும் இருக்குதாடி? அந்தப் பட்டுப் பாவாடைய தொட்டுப் பாக்கணும்போல இருக்குமே" என்றாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. அந்தப் படத்துக்குக் கற்பூரம் காட்டும்போது நீங்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள். அதனால் உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அப்பா நிலக்கரி மைன்ஸில் பெயின்டராக இருந்தார். மெஷின்களுக்கு நம்பர் எழுதுவது, கம்பிவேலியில் மாட்டும் தகரத்தில் 'அபாயம்' என்று எழுதி மண்டை ஓடு போடுவது, ஆபீசர் பங்களாக்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் அவர் வேலை. அவர் போட்ட மண்டை ஓட்டைப் பார்த்துப் பயந்து நின்றதாக உங்களில் சிலர் இன்னமும் சொல்கிறீர்கள். மண்டை ஓடு போட்ட கைக்கு உயிருள்ள முகம் வராது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா வேலை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டாவது ஷிஃப்ட் வரும். மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் ராத்திரி பத்துக்குத்தான் திரும்புவாள்.

அக்கா என்னைவிட மூன்று வயசு பெரியவள். எனக்கு ஏழு வயசு நடக்கும்போது, நாங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவதற்கு முன், காய்ச்சல் கண்டு நான்கே நாளில் போய்விட்டாள். புதைத்த இடமும் எங்களுக்கு இல்லை. மைன்ஸுக்கு எடுத்துக்கொண்ட எங்கள் ஊரோடு சேர்ந்து அதுவும் சுரங்கத்துக்குள் போய்விட்டது. போட்டோவும் கிடையாது. ஒருமுறை வடலூர்த் தைப்பூசத்தில் போட்டோக்காரர் முன்னால் நின்று, படம் எடுத்தால்தான் வருவேன் என்று அக்கா காலை உதைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளைகளைப் போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று சொல்லி, அப்பாதான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு மூன்று மாதம்தான் அவள் இருந்தாள்.

மிச்சம் இருந்தது ஒரு பாவாடைதான். மயில்கழுத்து நிறப் பட்டு, மெல்லிய ஜரிகைக் கரை. எங்கள் பக்கத்தில் கன்னியாகச் செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். அவள் துணியை மஞ்சள் தடவிய மூங்கில் பெட்டியில் வைத்து மூடிவிட்டால், வருஷத்துக்கு ஒரு நாள்தான் திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது தை மாதத்து மூன்றாவது வெள்ளிக்கிழமை. அன்றைக்குப் பெட்டியைத் திறந்து, துணிக்குப் படையல் போட்டு, மறுபடி மூடிவிடுவார்கள். மற்ற நாளில் அந்தப் பெட்டியை அம்மாவைத் தவிர யாரும் தொடக்கூடாது.

பக்கத்து வீட்டில் செத்துப்போன பெரியவருக்குக் கண்ணாடி போட்ட படம் மாட்டி, மேலே சிவப்பு பல்பு எரிய விட்டிருந்தார்கள். ஒரு நாள் அங்கே போய்விட்டு வந்த அம்மா, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "அவங்களுக்குப் பாத்து அழ ஒரு மொகம் இருக்குது. எனக்கு வெறுந்துணி." அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து கை கழுவிவிட்டார். எல்லாம் அந்தச் சோற்றில் ஆரம்பித்ததுதான்.

வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, சுண்ணாம்பு அடிக்க வந்த அப்பாவிடம் ஒரு மரப்பெட்டியும் ஒரு தடித்த புத்தகமும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பெட்டியில் பாதி பிதுக்கிய ஆயில் பெயின்ட் டியூப்கள், மெல்லிய பிரஷ்கள், ஆளிவிதை எண்ணெய் ஒரு பாட்டில். புத்தகம் இங்கிலீஷ்கூட இல்லை. இங்கிலீஷாக இருந்தாலும் அப்பாவுக்கு எழுதத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. ஆனால் படங்கள் இருந்தன. ஒரு சீமாட்டி சாட்டின் கவுன் போட்டு உட்கார்ந்திருப்பாள். அவளையே ஐந்து படமாக, ஐந்து கட்டமாகப் போட்டிருந்தார்கள். முதலில் வெறும் காப்பிக் கலர். அடுத்ததில் சாம்பல். மூன்றாவதில்தான் கவுனுக்கு நீலம் வரும். ஐந்தாவதில் அந்த நீலம் பளபளவென்று மடிந்து மடிந்து தரையில் விழும். அப்பா அந்தப் பக்கத்தை ஆடி மாதம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் முயற்சி படுதோல்வி. பழகிப் பார்க்க அந்தச் சீமாட்டியையே எடுத்துக்கொண்டு, மெஷின் வந்த பெட்டியின் பலகையில், தகரத்துக்கு அடிப்பதுபோல் ஒரே நாளில் மூன்று பூச்சு பூசினார். எனாமல் என்றால் மறுநாள் காய்ந்துவிடும். இது காயவே இல்லை. பொறுக்க முடியாமல் வெயிலில் வைத்தார். மேல்தோல் மட்டும் காய்ந்து, ஏரி வற்றினாற்போல் வெடித்துவிட்டது. போதாததற்கு மைன்ஸ் பக்கமிருந்து வந்த கரித்தூசி வேறு ஒட்டிக்கொண்டது. சீமாட்டிக்கு அம்மை போட்டதுபோல் ஆயிற்று. நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

அப்புறம், தைப் படையலுக்குள் அம்மாவுக்குத் தெரியாமல் அக்காவை வரைந்துவிட வேண்டும் என்று, காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வச்சிரப் பசையும் சுண்ணாம்புத் தூளும் பூசித் தயார் செய்தார். அம்மாவின் இரண்டாவது ஷிஃப்ட் வாரத்தில் மட்டும் வரைவது, மற்ற இரண்டு வாரம் லாஃப்டில் ஒளித்து வைப்பது என்று ஆகிவிட்டதால், ஒவ்வொரு பூச்சும் காய நேரம் கிடைத்தது. அவருக்குப் பொறுமை கற்றுக்கொடுத்தது அந்த ஷிஃப்ட் அட்டவணைதான். அவர் மேல் எப்போதும் பெயின்ட் நாற்றம் அடிக்கும். அதனால் அம்மா சந்தேகப்படவில்லை.

துணிக்கு மாதிரி வேண்டும் என்று அக்காவின் மூங்கில் பெட்டியை ஒரு நாள் அப்பாவே திறந்தார். அப்போது நான் பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தேன். பாவாடையை எடுத்து நாற்காலி மேல் போட்டு, மேற்கு ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு நாள் வரைந்து பார்த்தார். மூன்றாம் நாள் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"ஒடம்பு இல்லாம துணி படுத்துக்குது பாப்பா. நீ கட்டிக்கினு ஒக்காரு."

"அது அக்காவுது. கட்டிக்கினா பூவாடை எம்மேல எறங்கிடும்."

"அக்காதான? எறங்கினா எறங்கட்டும். ஒக்காரு."

அக்கா செத்தபோது அவளுக்கு இருந்த வயசு அப்போது எனக்கு. அவள் பாவாடை எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. முதல் நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோலவே இருந்தது. இரண்டாம் நாள் பயம் குறைந்தது. மூன்றாம் நாள் எனக்கு அது பிடித்துப்போயிற்று. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அக்கா போன பிறகு எங்கள் வீட்டில் என்னை நிமிர்ந்து பார்த்தவர்கள் இல்லை. இப்போது அப்பா ஒன்றரை மணி நேரம் என்னையே பார்க்கிறார்.

ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. "அசையாத, மடிப்பு கலையுது." "மூச்ச மெதுவா வுடு, கரை ஆடுது." அவ்வளவுதான் பேச்சு. மயில்கழுத்துப் பட்டு லேசுப்பட்டதில்லை. நீல நூலும் பச்சை நூலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். முட்டி மேல் நீலமாக இருப்பது மடிப்புக்குள் போனதும் பச்சையாகிவிடும். அப்பா இரண்டையும் கலந்து பூசினார், பாசி பிடித்த தொட்டி மாதிரி ஆயிற்று. துணியால் துடைத்துவிட்டு மறுபடி. கடைசியில் கலக்காமல், காய்ந்த பச்சையின் மேல் எண்ணெய் விட்டு இளக்கிய நீலத்தை மெல்லிசாக இழுத்தார். அடியில் இருந்த பச்சை எட்டிப் பார்த்தது. "ஆங்!" என்று ஒரு சத்தம் போட்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

ஜரிகைக்கு முதலில் தேர்ச் சக்கரத்துக்கு அடிக்கும் தங்கப் பெயின்ட்டைத்தான் போட்டார். தகரம் மாதிரி இருந்தது. பிறகு என் பக்கத்தில் மண்டியிட்டு, மூக்கு படும் தூரத்தில் அந்தக் கரையைப் பார்த்தார். "இதுல தங்கமே இல்ல பாப்பா. பாதி மண்ணுக் கலரு, பாதி அழுக்கு மஞ்சளு. எங்கயோ ஒரு புள்ளிதான் மின்னுது" என்றார். அந்தப் புள்ளியை வைத்தபோது ஜரிகை வந்துவிட்டது. ரவிக்கை வெறும் பருத்தி, அதில் மின்னவே கூடாது என்று வெள்ளையை அடக்கி அடக்கிப் போட்டார். ஐப்பசிக்குள் துணி அநேகமாக முடிந்துவிட்டது. கழுத்துக்கு மேலே மட்டும் சாம்பலாக ஒரு வட்டம்.

கார்த்திகையில் ஒரு நாள், அப்பா ரவிக்கை வெள்ளையைத் திருத்திக்கொண்டிருந்தபோது, மாட்டிக்கொள்ள இருந்தோம். மணி ஐந்தரை இருக்கும். வாசல் படலை யாரோ தள்ளுகிற சத்தம். ஜன்னலில் பார்த்தால் அம்மா. யாரோ டியூட்டி மாற்றிக்கொண்டதில் சீக்கிரம் அனுப்பிவிட்டார்களாம். அப்பா சட்டத்தைத் தூக்கிக்கொண்டு லாஃப்டுக்கு ஓடினார். பாவாடையை அவிழ்க்க எனக்கு நேரமில்லை. யூனிஃபார்ம் பாவாடையை அதன் மேலேயே மாட்டிக்கொண்டேன்.

அம்மா வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். "வா, தல பின்னி வுடறன்" என்றாள். என்றைக்கும் இல்லாத அதிசயமாக அன்றைக்குப் பார்த்து. அவள் மடிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். உள்ளே பட்டு சரசரத்தது.

"என்னாடி சத்தம்?"

"புஸ்தகத்துக்கு அட்ட போடற காக்கி பேப்பரும்மா. இடுப்புல சொருகியிருக்கன்."

"மஞ்சா வாசன வருதே."

லாஃப்டுக்குக் கீழே நின்ற அப்பா அசையவில்லை. அம்மா சீப்பை நிறுத்திக்கொண்டு சற்று நேரம் மோந்து பார்த்தாள். "பெட்டி வாசன. படையலுக்கு நாள் நெருங்குதுல்ல, அவ வந்துட்டுப் போறா" என்று சொல்லிவிட்டுப் பின்னலை முடித்தாள். கொல்லைப்பக்கம் போய்ப் பாவாடையை அவிழ்த்தபோது என் தொடையெல்லாம் வேர்த்திருந்தது. அவசரத்தில் எங்கேயோ பட்டு, கரைக்கு மேலே வெள்ளைப் பெயின்ட் ஒரு மொச்சைக்கொட்டை அளவு ஒட்டியிருந்தது. அப்பா டர்பன்டைனில் துடைத்தார். வெள்ளை போயிற்று. அந்த இடத்தில் வெளிறிப்போன ஒரு வட்டம் நின்றுவிட்டது. தை வெள்ளி அன்று அம்மா பெட்டியைத் திறப்பாள். அதை மறைக்க வழியே இல்லை. "மொகம் மட்டும் சரியா வந்துட்டா அவ கறையப் பாக்க மாட்டா" என்றார் அப்பா. அவருக்கு அது ஒன்றுதான் கதி.

மார்கழியில் முகத்துக்கு வந்தார். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அப்பாவுக்கு அக்காவின் முகம் நினைவில்லை. மூன்று நாள் வரைந்து மூன்று நாளும் துடைத்தார். அம்மாவைக் கேட்க முடியாது. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, அக்காவுக்கு மூக்கு ஒன்னோடதவிட சப்பையா இருக்குமில்ல?"

எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே பாயில் படுத்தவள் நான். அவள் மூக்கு என்னுடையதைவிட அகலம். சிரித்தால் இடது கண் சின்னதாகிவிடும். கீழுதட்டுக்கு அடியில் எள் அளவு ஒரு மச்சம். மேல்வரிசையில் ஒரு பல் மற்றதன் மேல் ஏறி நிற்கும். கண்ணை மூடினால் அப்படியே வந்து நிற்பாள்.

"இல்லப்பா. என்ன மாதிரியேதான் இருக்கும்" என்றேன்.

"கண்ணு?"

"என்ன மாதிரியேதான்."

"மச்சம் எதனா இருந்துதா?"

"இல்லப்பா."

ஏன் அப்படிச் சொன்னேன்? பொறாமைதான். வேறு பெயர் வைத்து மழுப்ப இந்த வயசில் எனக்கு அவசியமில்லை. மாதக்கணக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் நான். என்னை ஒரு நிமிஷம், துணிக்கு மேலே, முகத்தைப் பார்க்க மாட்டாரா என்று இருந்தது. சொன்ன உடனே அவர் பார்த்தார். நெற்றி, புருவம், தாடை என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அந்த வாரம் முழுக்க நான் ராணி. என் முகம் அந்தச் சாம்பல் வட்டத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

படையலுக்கு முதல் நாள் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தாள். சாமந்தி மாலை கட்டிக்கொண்டே யாருடைய கதையோ சொன்னாள்: உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு அவசரப்பட்டு மாலை போட்டுவிட்டார்களாம், ஆள் ஒரு மாதம் தாங்கவில்லையாம். நாளைக்கு மாலை விழப்போவது என் முகத்தில். அன்றைக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று நான்கு தடவை அவர் பக்கத்தில் போனேன். அவர் சட்டத்துக்குத் தேக்குக் கட்டை இழைத்துக்கொண்டிருந்தார். பாட்டு வேறு. அவர் பாடி நான் அதுவரை கேட்டதில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. அம்மா தலைமுழுகி, ஈரம் சொட்டச் சொட்டப் பெட்டியைத் திறந்தாள். பாவாடையைப் பிரித்தாள். வெளிறிய வட்டம் மேலேயே இருந்தது. அதன்மேல் விரலை வைத்தவள் நிமிரவில்லை.

"யாரு தொட்டது?"

பொங்கல் பானை மட்டும் தளதளவென்றது. அப்பா உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்து பெட்டிக்குப் பின்னால் சுவரோடு சாத்தினார்.

முதலில் அலறியது அத்தைதான். "ஐயோ தம்பி, இது சின்னவ மொகமாட்டம் இருக்குதே! உசுரோட இருக்கற புள்ளைக்கா படையல் போடப் போற?"

"கூடப் பொறந்ததுங்க, சாயல் இருக்காதாக்கா?" என்றார் அப்பா. அம்மாவைப் பார்த்தார். "நீ சொல்லு. மொகம் சரியா இருக்குதா? தப்புன்னா சொல்லிடு. இன்னும் காயல, மாத்திப்புடலாம்."

அம்மா கையில் இருந்த பாவாடையைப் படத்தின் பக்கத்தில் பிடித்தாள். எது துணி, எது வரைந்தது என்று ஒரு கணம் எனக்கே தடுமாறியது. "துணி அவுளுதுதான்" என்றாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியலங்க."

"என்னா தெரியல?"

"அவ மொகம் எனக்கு மறந்துபோச்சுங்க. ரெண்டு வருசமா எத்தினி தடவ நெனச்சுப் பாத்தாலும் வரல. பெத்தவ மறந்துட்டன்னு வெளிய சொல்லுவாங்களா? ஒங்களுக்காச்சும் தெரியும்னு இருந்தன்."

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்கு அந்த முகம் தெரியும் என்று அவர் பயந்துகொண்டிருந்தார். அம்மா அவருக்குத் தெரியும் என்று தைரியமாக இருந்தாள். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் இரண்டு வருஷம் இப்படி இருந்திருக்கிறார்கள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீதான் அவகூடப் படுத்துக்கினு இருந்த. ஒனக்கு ஞாபகம் இருக்குமே. சொல்லுடி. இது அவளா?"

அந்த மச்சத்தைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். பெயின்ட் ஈரமாக இருக்கிறது. துடைத்தால் போய்விடும். அக்கா வந்துவிடுவாள். ஆனால் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொய் சொன்னேன் என்று தெரிந்தால் அந்த முகம் என்ன ஆகும் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

"அக்காதாம்மா" என்றேன்.

அம்மா தலையாட்டினாள். மாலையை எடுத்துப் படத்துக்குப் போட்டாள். பிறகுதான் அழுதாள். மூன்று வருஷத்து அழுகை. அப்பாவும் அழுதார். நான் சாவதற்குக் காத்துக்கொண்டு மூலையில் நின்றேன்.

அன்றைக்கு விளக்கு வைத்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்ததோ என்று இன்றைக்குத் தோன்றுகிறது. தெரிந்தும் ஒரு முகம் வேண்டும் என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ.

நான் சாகவில்லை. பார்க்கிறீர்களே. ஆனால் அதற்குப் பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு வேலை செய்தேன். மாலையை ஒதுக்கிவிட்டு, படத்தின் கன்னத்து ஓரத்தை விரலால் தொட்டுப் பார்ப்பேன். ஒட்டினால், இன்னும் மாற்றலாம், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று அர்த்தம். ஒட்டிக்கொண்டே இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுக்கொண்டே வந்தேன். பங்குனியில் ஒரு நாள் விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. இனிமேல் முடியாது என்று நினைத்து, உங்களுக்குக்கூடச் சொல்லாமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன்.

காய்ந்த ஆயில் பெயின்ட்டின் மேலும் வரையலாம் என்று எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அப்பாவுக்கு அது எப்போதும் தெரியும், அந்தப் பட்டுப் பாவாடையையே அப்படித்தான் வரைந்தார். தெரிந்த பிறகும் நான் சொல்லவில்லை. அம்மா தினமும் அந்தப் படத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். எதிரில் இருக்கும் என்னிடம் சொல்லாததையெல்லாம் அந்த முகத்திடம் சொன்னாள். எந்த வாயால் போய், அது அவள் இல்லை என்று சொல்வது? அப்பா போனார். பின்னாலேயே அம்மாவும் போனாள். படம் என் வீட்டுக்கு வந்தது.

போன மாதம் உங்களையெல்லாம் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, ஒரு பென்சிலை எடுத்து அக்காவை நானே போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அகல மூக்கு, சின்னதாகும் இடது கண், உதட்டுக்கு அடியில் மச்சம், ஏறின பல். எல்லாம் வார்த்தையாக இருக்கிறது, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறேன். கண்ணை மூடினால் அந்தப் படம்தான் வருகிறது. அன்றைக்கு அந்த வீட்டில் அவள் முகம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இப்போது எனக்கும் தெரியவில்லை.